ஐந்தாவது சோடி

குதிகள் வாசலைப் பார்க்க, விரல்முனைகள் முற்றத்தைப் பார்க்க, படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாய் நிற்கின்றன, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பிறகு அந்த ஐந்தாவது சோடி, கறுப்பாய், தடிப்பாய், லொறி ரயரில் வெட்டித் தைத்தது, படைக்காரனின் துவக்கு முனை ஒவ்வொரு சோடியாய்த் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வருகிறது, நான்காவதைத் தொட்டுவிட்டது, இனி அடுத்ததுதான், இல்லை, இன்றைக்குத் துவக்கு ஒன்றும் இல்லை, என் சுட்டுவிரல்தான் காற்றில் எண்ணிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு அம்மா செத்த முப்பத்தோராம் நாள், காலையில் கீரிமலைக் கடலுக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்து, வீட்டில் ஐயர் கிருத்தியம் செய்துவிட்டுப் போய், இப்போது சனம் பந்தியில் இருந்து சாப்பிடுகிறது, படிக்குக் கீழே நாற்பது ஐம்பது சோடி சிதறிக் கிடக்கின்றன, நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, இது சங்கக்கடை மனேச்சருடையது, இது பக்கத்து வளவு ரீச்சருடையது, இந்தப் பூப்போட்டது அவவின் மகளுடையது என்று ஒவ்வொரு சோடிக்கும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்துப் பொருத்திக்கொண்டிருக்கிறேன், ஆள் கிடைக்காத சோடி ஒன்று மிஞ்சிவிட்டால் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும், பன்னிரண்டு வயதில் பிடித்த வருத்தம் இது, நாற்பதை எட்டப்போகிறேன், இன்னும் விடவில்லை, கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்க முதல் வாசலைத்தான் பார்ப்பேன், தேர்த் திருவிழாவுக்குப் போவதையே விட்டுவிட்டேன், அங்கே மலைமாதிரிக் கிடக்கும் செருப்பை யார் எண்ணி முடிப்பது, உனக்கு விசரடி என்று அக்கா சிரிப்பாள், சிரித்துவிட்டு அவளும் ஒருதரம் வாசலைப் பார்ப்பாள்.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கியது, வீட்டு லிஸ்ட் என்போம், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இராணுவ முகாமில் முத்திரை குத்திக் கொடுத்தது, வீட்டில் எத்தனை பேர், பெயர் என்ன, வயது என்ன, எங்களுடையதில் நான்கு பேர், அப்பா தில்லையம்பலம், அம்மா நல்லம்மா, அக்கா வதனி, கடைசியில் நான், சுற்றிவளைப்பு வந்தால் அந்தத் தாளும் வீட்டில் நிற்கிற தலைகளும் சரியாக வரவேண்டும், ஒன்று கூடினாலும் கேள்வி, ஒன்று குறைந்தாலும் கேள்வி, அக்காவின் பெயரை அதில் ஏற்றவே அப்பா ஆறுதரம் முகாமுக்கு நடந்தார், அக்கா புலிகள் பிடித்து வைத்திருந்த வன்னியில் இருந்தவள், கலியாணம் கட்டி அத்தானோடு அங்கே போய்விட்டாள், தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பெறவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றதால் பயணப் பாஸ் எடுத்து, சுற்றி வளைந்து கப்பல் ஏறி, ஏழு மாத வயிற்றோடு வந்து சேர்ந்தாள், அத்தானுக்குப் பாஸ் கிடைக்கவில்லை, இளந்தாரி ஆம்பிளைக்கு அந்தப் பக்கமும் கொடுக்கவில்லை, இந்தப் பக்கமும் கொடுக்கவில்லை, பிள்ளை பிறந்து இருபத்தொன்பதாம் நாள் விடிய, கோழி கூவ முதல், குசினிக் கதவில் யாரோ விரலால் சுரண்டுகிற சத்தம், அம்மா திறந்தால் அத்தான் நிற்கிறார், குகநேசன் அத்தான், முழங்கால்வரை சேறு, நீரேரியைத் தோணியில் கடந்து, பற்றைக்குள்ளால் நடந்து, மாமி, பிள்ளையின்ர முப்பத்தொண்டைப் பாத்திட்டுப் போயிடுவன் என்று, ஏதோ அடுத்த ஒழுங்கையில் இருந்து வந்தவர் மாதிரிச் சொன்னார், அம்மா அழுகையும் கோபமும் சேர்ந்து வர முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள், அந்தச் செருப்பை அப்போதுதான் நானும் பார்த்தேன், வன்னிக்குள் அப்போது செருப்புப் போவதில்லை, பொருட்களுக்குத் தடை, அத்தான் அங்கே சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர், தன் காலைத் தாளில் வைத்துக் கோடு கீறி, பழைய லொறி ரயரில் வெட்டி, ரியூப்பில் வார் போட்டுத் தானே தைத்தது, எங்கள் பக்கத்துக் கடைகளில் றப்பர் செருப்பு வந்துவிட்டது, ரயர்ச் செருப்பு போட்டவர் யாரும் இங்கே இல்லை, அதைப் பார்த்தால் சின்னப்பிள்ளையும் சொல்லும், இது அங்கால இருந்து வந்த கால் என்று.

அத்தானைக் குசினிக்கு மேலே விறகு அடுக்கும் பரணில் ஏற்றினோம், அது பெரிய வேலையாய் இருக்கவில்லை, செருப்புத்தான் பெரிய வேலையாய்ப் போயிற்று, எரிச்சுப்போடுங்கோ என்றாள் அம்மா, திரும்பிப் போகேக்க அவன் முள்ளுக்கயும் கிளிஞ்சலுக்கயும் வெறுங்காலோட போறதே என்றார் அப்பா, கடைசியில் சீமெந்துப் பைத் தாளில் சுற்றி அறைக்குள் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார், அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாய் நின்றது, எங்கள் வீட்டில் செருப்பு படியைத் தாண்டியது கிடையாது, வீட்டுக்குள்ள செருப்பு, அதுவும் பிள்ளை பெத்த துடக்குக் கழிக்கிற வீட்டுக்குள்ள, சாமி படத்துக்கு நேர என்று போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்தாள், பயம் ஒரு பக்கம் இருக்க இந்த முணுமுணுப்பு ஒரு பக்கம், எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது, இரண்டு நாள் அத்தான் பரணில் படுத்துக் கிடந்தார், அக்கா பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள், அவர் மேலேயிருந்து கையை நீட்டிப் பிள்ளையின் உள்ளங்காலைத் தொடுவார், என்ன கறுப்பு, உங்கட நிறம்தான் என்பாள் அக்கா, நாய் குரைத்தால் கை மேலே போய்விடும், குரைப்பு நிற்கும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டோம், பிறகு அந்தக் கை மெல்ல மெல்ல இறங்கி வரும்.

பிறகு பிள்ளையின் முப்பத்தோராம் நாள் விடிகிறது, எப்போதும் அதே மாதிரித்தான் விடிகிறது, கண்ணை மூடினால் இப்போதும் விடியும், துடக்குக் கழிக்க வீடு முழுக்கக் கழுவ வேண்டும், கட்டில், பெட்டி, பாய், தொட்டில் சீலை எல்லாம் வெளியே போகவேண்டும், அப்பா சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார், அம்மா மஞ்சள் கரைக்கிறாள், எடி அறையை வெறுமையாக்கு, ஒண்டும் மிஞ்சக்கூடாது என்கிறாள், நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாய் வெளியே கொண்டுவந்து வைக்கிறேன், எனக்கு அப்போது ஒரு கெட்டித்தனம் இருந்தது, எதையும் நேராய் அடுக்குவேன், படியில் கிடக்கிற செருப்புகளையும் திருப்பி, போட்டுக்கொண்டு போக வசதியாய் முற்றத்தைப் பார்க்க வைப்பேன், அப்பாவின் தோல் செருப்பு, அம்மாவினது, அக்காவினது, என்னுடையது, கட்டிலுக்குக் கீழே குனிகிறேன், கையில் பாரமாய் ஒன்று அகப்படுகிறது, தாள் கிழிந்து வார் வெளியே தெரிகிறது, செருப்பு, செருப்பென்றால் படிக்குக் கீழே, அவ்வளவுதான், அதற்கு மேல் என் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை, கை எடுத்தது, கால் நடந்தது, கை வைத்தது, ஐந்து சோடி நேராய் நிற்க ஒருதரம் எட்ட நின்று பார்த்தேன், பார்த்துவிட்டு விளக்குமாறை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், வடிவாய் இருக்கிறது என்று நினைத்தேன், அந்த நினைப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எட்டு மணி இருக்கும், நாய்கள் எல்லாம் ஒன்றாய்க் குரைத்தன, ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம், வேலிக்கு மேலால் தொப்பிகள், அக்கா பிள்ளையோடு குசினிக்குள் போய்ப் பரணுக்குக் கீழே அடுப்படியில் இருந்துவிட்டாள், நான்கைந்து படைக்காரர் வந்தார்கள், ஒருவன் மட்டும் கொஞ்சம் தமிழ் பேசினான், சின்ன வயதுக்காரன், மூக்கில் வியர்வை, லிஸ்ட் எங்க என்றான், அம்மா தாளைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், நாலு பேர் என்று வாசித்தான், எங்களைப் பார்த்தான், அக்காவை எட்டிப் பார்த்தான், பிள்ளை பிறந்தது கண்டு சிரித்தான், சரி என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான், எங்களுக்கு மூச்சு வந்தது, போகத் திரும்பியவன் படியில் நின்றான், துவக்கின் முனையால் தொட்டான், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, நான் அப்போதுதான் பார்த்தேன், நான் வைத்ததை அப்போதுதான் நான் பார்த்தேன், ஐந்தாவதில் துவக்கு நின்றது, ஆள் நாலு, செருப்பு அஞ்சு, இது யார் என்றான், யாருடையது என்று கேட்கத் தெரியாமல் யார் என்றுதான் கேட்டான், அந்தச் செருப்பே ஒரு ஆள் மாதிரி, எனக்குக் கால்வழியே சூடாய் இறங்கியது, கழுவிய வீடு என்பதால் யாருக்கும் தெரியவில்லை, அம்மா அதைப் பார்த்து வெள்ளையாய்ப் போய்விட்டாள், கிணற்றடியில் இருந்து அப்பா வந்தார், வாளியை விட்டுவிட்டு ஈரக் கையோடு, அது என்ர சேர், தோட்டத்துக்குப் போடுறது என்றார், குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, போடு என்றான் அவன், அப்பா படிக்கு வந்து காலை நுழைத்தார், அப்பாவின் கால் தோட்டக்காரக் கால், அகலம், நீளம், அத்தானின் செருப்புக்குள் விரல்கள் மட்டும் போயின, இரண்டு குதியும் வெளியே மண்ணில் நின்றன, எல்லோரும் அந்தக் குதிகளைப் பார்த்தோம், அவனும் பார்த்தான், வன்னிச் செருப்பு என்று மெல்லச் சொன்னான், பிறகு, வா, விசாரிச்சிட்டு விடுறம் என்றான், சறம் மாத்திக்கொண்டு வாறன் சேர் என்று அப்பா கேட்டதற்கு விடவில்லை, அப்பா குசினிப் பக்கம் பார்க்கவேயில்லை, பரண் இருக்கிற திசையே அவருக்குத் தெரியாதது போல் நின்று, அம்மாவிடம், வாளி கிணத்துக்க கிடக்கு, ஆரும் இழுத்து வையுங்கோ என்றார், அதுதான் அவர் கடைசியாய்ச் சொன்னது, படலையைத் தாண்டி ஒழுங்கையில் போகிறார், குதிகள் வெளியே, ஒவ்வொரு அடிக்கும் சப்பு சப்பென்று சத்தம், அவரது தோல் செருப்பு எங்கள் படியில் நேராய் நிற்கிறது, நான் அடுக்கியபடியே.

அத்தான் பரணில் இருந்து குதித்தார், நான்தான் எண்டு போய்ச் சொல்லுறன் மாமி, அவரை விட்டிடுவாங்கள் என்று வாசலுக்கு ஓடியவரை அம்மா நிலையில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, தம்பி, நீர் போனால் ரெண்டு பேரும் இல்லை, பிள்ளையைப் பாரும் என்றாள், அக்கா பிள்ளையை அவர் மடியில் போட்டாள், அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார், அன்று துடக்குக் கழித்தோமா, பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் வார்த்தோமா, எனக்கு நினைவில்லை, அடுத்தநாள் விடிய அவர் வெறுங்காலோடு போனது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு அம்மா முகாம் முகாமாய் நடந்தாள், இங்கே இல்லை என்றார்கள், கொண்டுவரவேயில்லை என்றார்கள், இன்னொரு பெயர் சொல்லிப் பார் என்றார்கள், இரண்டு மாதம் கழித்துப் புதிதாய் வந்த படைக்காரர் லிஸ்டைப் பார்த்து, நாலு பேர் இருக்குது, ஒரு ஆள் குறையுது, புருசன் எங்க என்று அம்மாவையே அதட்டினார்கள், நீங்கள்தானே கொண்டு போனனீங்கள் என்று அவள் சொன்னதும் அடிக்க வந்தார்கள், அதன் பிறகு அம்மா ஒரு வேலை செய்யத் தொடங்கினாள், விடிய எழும்பியதும் அப்பாவின் தோல் செருப்பைப் படியில் வைப்பாள், விளக்கு வைக்கிற நேரம் எடுத்துப் படிக்கு அருகே ஓட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே வைப்பாள், செருப்பு நிண்டால் ஆள் எங்கையோ உள்ளுக்கை நிக்குது எண்டு நினைப்பாங்கள் என்றாள், படைக்காரர் வருவது நின்றது, லிஸ்டைக் கறையான் தின்றது, சண்டையே முடிந்தது, அவள் வைப்பதை நிறுத்தவில்லை, வெள்ளிக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பாள், பொட்டையும் அழிக்கவில்லை, அம்மா செத்து மரண அறிவித்தல் எழுதும்போது அச்சகக்காரத் தம்பி, ஐயாவின்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதோ அக்கா என்று கேட்டான், நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், அவனே விளங்கிக்கொண்டு வெறுமனே தில்லையம்பலத்தின் அன்பு மனைவி என்று போட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாய்ப் பேசினாளே, அதைச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொல்கிறேன், எனக்குத்தான், கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்து, பிள்ளை, அண்டைக்கு அந்தச் செருப்பை நான்தான் எடுத்து வெளியில வைச்சனான், சாமிக்கு நேர கிடக்கிறது பொறுக்காமல், உன்ர அப்பாவை நான்தான் காட்டிக் குடுத்தனான் என்றாள், இருபத்தேழு வருசமாய் அதை வைத்திருந்திருக்கிறாள், நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அம்மா, நான்தான் என்று இரண்டு சொல், இரண்டே இரண்டு சொல், பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, இவ்வளவு காலம் கழித்து, சாகக் கிடக்கிறவளுக்கு முன்னால் என்ன பயம், தெரியவில்லை, பன்னிரண்டு வயதில் கால்வழியே இறங்கிய அதே பயம், அவள் விடியமுதல் போய்விட்டாள், என்னுடைய பிழையை நெஞ்சில் கட்டிக்கொண்டு போய்விட்டாள், நான் ஒரு பயந்தாங்கொள்ளி, இதை வேறு எப்படிச் சொல்வது.

பந்தி முடிகிறது, சனம் கை கழுவி, வெற்றிலை போட்டு, போயிட்டு வாறம் பிள்ளை, தனிய இருந்து யோசியாதை என்று சொல்லிச் சொல்லிப் போகிறது, சோடி சோடியாய்ச் செருப்புகள் குறைகின்றன, வாடகைக் கதிரை கொடுத்தவர்கள் பின்னேரம் எடுக்க வருவார்களாம், அத்தான் கிணற்றுக் கட்டின்மேல் இருக்கிறார், அறுபது ஆகவில்லை, எழுபது மாதிரி, வன்னியில் கடைசிவரை நின்று, அகதி முகாமில் கிடந்து, தப்பி வந்தவர், அந்த முப்பத்தொன்றுக்குப் பிறகு காலில் செருப்பே போடாதவர், ஊரில் ஏதோ கோயிலுக்கு நேர்த்தி என்று நினைக்கிறார்கள், இப்போது சீனி வருத்தம், இடது காலில் சின்னவிரலை எடுத்துவிட்டார்கள், பாதம் தலையணைமாதிரி வீங்கிப் பெரிய துணிக்கட்டோடு இருக்கிறது, அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், எடி, நீயெண்டாலும் சொல்லு, செருப்பில்லாமல் நடந்தால் அடுத்தது காலைத்தான் எடுக்க வேணுமாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், முழங்காலோட, நான் சொன்னால் வாயே திறக்கிறாரில்லை, கஜீபன் கொழும்பில இருந்து வாங்கிக்கொண்டு வந்ததையும் பெட்டியோட வைச்சிருக்கிறார் என்று அழுதாள், கஜீபன்தான் அந்தப் பிள்ளை, அன்றைக்கு முப்பத்தொரு நாள், இன்றைக்கு அம்மாவுக்குக் கொள்ளி வைத்து மொட்டைத் தலையோடு கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான், நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அத்தான், செருப்புப் போடுங்கோ என்றேன், வேறு முகவுரை வரவில்லை, அவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார், உனக்கு ஒண்டு சொல்லவேணும் தங்கச்சி, உன்ர அக்காவுக்கும் சொல்லேல்லை என்றார், அண்டைக்கு விடியப்புறம், கக்கூசுக்குப் போகவெண்டு பரணால இறங்கினனான், பின்பக்கம் கண்ணாடி ஓடு கிடக்குமெண்டு கட்டிலுக்குக் கீழ இருந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போனன், திரும்பி வந்து கால் கழுவினன், கழுவிப்போட்டுப் படியில கழட்டினன், கழட்டிப்போட்டு ஏறிட்டன், அவ்வளவுதான் பிள்ளை, பழக்கம், ஆரும் வீட்டுக்குள்ள செருப்போட போவமே, மேல போய்ப் படுத்தாப்பிறகும் நினைவு வரேல்லை, அவன் எண்ணேக்கதான் வந்தது, மாமா போட்டுக்கொண்டு போறார், நான் பரணில கிடந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறன், சப்பு சப்பெண்டு, இந்தக் காலுக்கு அதுக்குப் பிறகு என்னத்தைப் போடுறது, போகட்டும், முழங்காலோட போகட்டும் என்றார், சொல்லிவிட்டுக் கோப்பையின் அடியில் மிஞ்சியதை மண்ணில் ஊற்றினார்.

எனக்குக் கனவில் சில நாள் ஐந்தாவது சோடி மட்டும் வீட்டைப் பார்த்து நிற்கும், உள்ளே போகிறவன் கழற்றி வைத்த மாதிரி, விழித்ததும் இல்லை இல்லை, முற்றத்தைப் பார்த்துத்தான் நின்றது, நான்தான் வைத்தேன் என்று என்னையே அதட்டுவேன், கட்டிலுக்குக் கீழே கையில் அகப்பட்டது பாரமாய்த்தானே இருந்தது, வார் தெரிந்ததே, இல்லாவிட்டால் வெறும் தாளைத்தான் எடுத்தேனா, படியில் ஏற்கெனவே நின்றதைத் திருப்பி மட்டும் வைத்தேனா, அம்மா எடுத்துக் கொண்டுவந்ததை என் கை எடுத்ததாக என் கை நினைத்துக்கொண்டதா, கழுவக் கழுவ எல்லாம் ஒரே தண்ணீராய் ஓடுகிறது, ஆனாலும் அம்மாவிடம் விட்ட பிழையை இவரிடமும் விடக்கூடாது, பயந்து பயந்து, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, அத்தான், நீங்கள் இல்லை, நான்தான் வைச்சனான், கட்டிலுக்குக் கீழ இருந்து எடுத்து, வரிசையா அடுக்கி, வடிவா இருக்கெண்டும் பாத்தனான், என்னாலதான் அப்பா போனவர் என்று சொல்லிவிட்டேன், இருபத்தேழு வருசத்தில் முதல்முறை, வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன், அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார், இரக்கப்பட்டுச் சிரித்தார், நீ அப்ப பன்னிரண்டு வயசுப் பிள்ளை என்றார், மாமியும் உப்பிடித்தான், நான் முகாமால வந்த புதுசில கூப்பிட்டு இருத்தி, தம்பி, தான்தான் எடுத்து வைச்சதெண்டு அழுதவ, என்னைத் தேற்றத்தான் சொன்னவ எண்டு எனக்குத் தெரியும், உங்கட வீட்டாக்களுக்கு உது பழக்கம், மாமாவும் அப்பிடித்தானே, என்ரயெண்டு சொன்னவர் என்றார், என் பாவத்தை நம்பக்கூடிய ஆள் இந்த உலகத்தில் இனி ஒருவரும் இல்லை என்று நினைக்கப் பயமாக இருந்தது.

அவர் நொண்டி நொண்டி வந்து விறாந்தையில் இருந்தார், அக்காவும் கஜீபனும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வளவுக்குப் போயிருந்தார்கள், வீடு வெறிச்சென்று கிடந்தது, வெயில் சாய்ந்து படியில் விழுந்தது, நான் பழக்கத்தில் எண்ணினேன், எண்ண ஒன்றும் இல்லை, என்னுடைய ஒரு சோடி, பக்கத்தில் அப்பாவின் தோல் செருப்பு, அம்மா போனபிறகும் விடிய விடிய நான்தான் எடுத்து வைக்கிறேன், யாரும் சொல்லித் தரவில்லை, அப்போதுதான் ஒழுங்கையில் அந்தச் சத்தம், பாரமான வண்டி, படலைக்கு முன்னால் நின்றது, கதவு அடித்துச் சாத்தப்பட்டது, ஒன்றுக்கு மேற்பட்ட கால்கள் மண்ணில் குதித்தன, நாய்கள் ஒன்றாய்க் குரைத்தன, நான் யோசிக்கவில்லை, யோசிக்க முதல் படியில் நின்றேன், அப்பாவின் சோடியை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்து கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டினேன், எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேன், இனி நாலுதான், எண்ணிப் பார், நாலுதான், என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு நிற்கிறேன், நெஞ்சில் தேங்காயெண்ணெய் மணக்கிறது, நிமிர்ந்து பார்த்தால் விறாந்தைக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது, அத்தான் குசினி வாசலில் நிற்கிறார், ஊன்றக்கூடாத காலை ஊன்றி, இரண்டு கையையும் மேலே தூக்கிப் பரண் இருந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு, அந்தப் பரணைப் பிரித்துப் பதினைந்து வருசம், வெறும் சுவரில் அவர் கைகள் தடவுகின்றன, காலின் துணிக்கட்டிலிருந்து இரத்தம் கசிந்து சீமெந்துத் தரையில் பொட்டுப் பொட்டாய் வழி போட்டிருக்கிறது.

அக்கா, கதிரை எடுக்க வந்தனாங்கள், வாகனத்தை உள்ள விடலாமோ என்று படலையில் ஒரு குரல், நாங்கள் இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்தோம், அவர் கை மெல்ல மெல்ல இறங்கியது, பிள்ளையின் உள்ளங்காலைத் தொட வந்த கை அப்படித்தான் இறங்கும், அவர் என் நெஞ்சில் கிடந்ததைப் பார்த்தார், எதை எடுக்க ஓடினேன் என்று விளங்கியிருக்க வேண்டும், நான் நடந்துபோய், கழுவித் துடைத்து ஐயர் வந்துபோன வீட்டுக்குள், சாமி படத்துக்கு நேரே, அம்மா கண்டால் உயிரோடு விடமாட்டாள், அந்தச் சோடியை அவர் காலடியில் வைத்தேன், விரல்முனைகள் வாசலைப் பார்க்க, போடுங்கோ என்றேன், போடு என்று அன்றைக்கு இந்த வீட்டுப் படியில் கேட்ட படைக்காரனின் குரல் என் குரலுக்குள் கேட்டது, என்றாலும் திரும்பச் சொன்னேன், போடுங்கோ அத்தான், அப்பான்ரதான், படலையில் அக்கா, அக்கா என்று கூப்பிடுகிறார்கள், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார், பிறகு வீங்கிய காலைத் தூக்கித் துணிக்கட்டோடு அதற்குள் வைத்தார், அகலமான செருப்பு அது, கட்டு முழுக்க உள்ளே போயிற்று, மற்றக் காலையும் வைத்தார், நான் குனிந்து பார்த்தேன், குதிகள் வெளியே நிற்கவில்லை.